பூசைக்கு இறுக்கிய செயின்

தெஹியோவிட்டப் பக்கம் இரப்பர்க் காணி வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் எனக்குப் போன் எடுத்தார். எங்கள் தோட்டத்துப் பழைய டோசரை அவர்தான் வாங்கியிருக்கிறார். தோட்டத்துக்கு இப்போது டோசர் தேவையில்லை. மண் வெட்டுகிற வேலை வந்தால் வெளியிலிருந்து பெக்கோ மெசின் வந்து இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போய்விடுகிறது.

"ஐயா, செயின் தேஞ்சு போச்சுங்க. புதுசு எடுத்துட்டேன். வீடியோவும் பாத்துட்டேன். நானே மாத்தலாங்களா?"

"தாராளமா மாத்தலாம்."

"மாத்திட்டு நல்லாக் கழுவி எடுத்து டைட் பண்ணிடவா?"

"கழுவாதீங்க!"

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். பிறகு போனில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, செய்யவேண்டியதை ஒழுங்காக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தால் அது வேறு பக்கம் போய்விட்டது. ஏன் கழுவக்கூடாது என்பதை எழுதாமல் எப்படிக் கழற்றுவது என்பதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் பெயர் செல்வராஜ். கஹவத்தைக்கு மேலே, தேயிலையும் இரப்பரும் கலந்த ஒரு தோட்டத்தின் கராஜில் முப்பத்து நான்கு வருஷம் பிட்டராக இருந்தேன். தொழில் பழகிய கதை பெரிய கதை இல்லை. முதல் இரண்டு வருஷம் போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினேன். அடுத்த இரண்டு வருஷம் கேட்ட ஸ்பெனரை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு, தப்பான ஸ்பெனரைக் கேட்டால் சரியானதை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு வந்தேன். அந்த அளவுக்கு வந்தவனைத்தான் எங்கள் போர்மன் மனுசனாகக் கணக்கெடுப்பார்.

போர்மன் பெயர் மர்சூக். கஹவத்தை டவுன்காரர். அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் கடை வைத்திருந்தார்கள், இவர் மட்டும் கிரீஸில் கை வைத்தார். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி நாங்களும் நானா என்று கூப்பிடுவோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடியவர். சத்தம் போட மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒரு வேலை முடிந்ததும் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் போய்விடுவார். சரியில்லை என்றால் போகாமல் நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்துத்தான் நமக்குப் பிழை தெரியும். எது பிழை என்று நாமே தேடவேண்டும். சில நாள் அரை மணித்தியாலம் நிற்பார்.

டோசருக்கு டயர்ச் சில்லு கிடையாது, இரண்டு பக்கமும் இரும்புச் செயின்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் செயினின் ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ஒரு பின் இருக்கிறது, பின்னைச் சுற்றி ஒரு புஷ் இருக்கிறது. இவை இரண்டும் உரசி உரசித் தேயும். மூட்டுக்கு மூட்டு மயிரிழை தேய்ந்தாலும் மொத்தச் செயினும் நீண்டுவிடும். நீண்ட செயின் பின்னாலுள்ள பல்சக்கரத்தில் சரியாக உட்காராது, பல்லையும் தின்றுவிடும். நீண்ட செயினோடு ஓடித் தேய்ந்த பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு செயினை மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆறு மாதத்தில் இன்னொரு செயின் வாங்குவார்கள்.

கழற்றுகிற முறையை நானா எங்களுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. செய்வார், நாங்கள் பார்ப்போம். சமதரையில் நிறுத்துவார். செயினைப் பிரிப்பதற்கென்று ஒரு மாஸ்டர் பின் உண்டு. அது, முன்னால் செயின் சுற்றி வரும் இரும்புச் சக்கரமான முன்சில்லின் நடு உயரத்துக்கு வரும்வரை மெசினை அங்குலம் அங்குலமாக நகர்த்தச் சொல்வார். செயினை இறுக்கி வைத்திருப்பது உள்ளே அடைபட்ட கிரீஸ். அதை வெளியேற்றும் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்கவே மாட்டார். உள்ளேயிருந்து வரும் வேகத்துக்குக் கிரீஸ் கையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். திறப்பதற்கு முன் "மூஞ்ச எடுங்க" என்பார். பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும் சொல்வார். ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுவந்தவர் இருபது அடி தூரத்தில் நின்றார், அவருக்கும் சொன்னார். அந்த மனிதர் பயந்துபோய் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு தேத்தண்ணியை நீட்டினார்.

செயின் தளர்ந்ததும் கீழே மரக்கட்டை அடைத்து, பித்தளைக் கம்பியை வைத்துத்தான் பின்னை அடிக்கவேண்டும். நான் ஒரு தடவை பித்தளைக் கம்பி தேட சோம்பல்பட்டு வெறும் சுத்தியலால் அடித்தேன். கண்ணாடியும் போடவில்லை. இரும்பிலிருந்து ஒரு துணுக்கு பறந்து என் காதின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. நானா தரையில் குந்தி அந்தத் துணுக்கைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது ஒங்கட கண்ணுக்கு வந்தது. காது வாங்கிரிச்சி" என்றார்.

அவ்வளவுதான். காது இன்னும் கொஞ்சம் பிளந்துதான் இருக்கிறது.

பின் வெளியே வந்ததும் மெசினை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தால் மேலிருக்கும் செயின் பின்பக்கமாக இறங்கித் தரையில் படுத்துக்கொள்ளும். பிறகு செயினைத் தாங்கும் ரோலர்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்ப்பார். எண்ணெய் கசிகிறதா, ஆடுகிறதா என்று சோக்கட்டியால் குறி போடுவார். புதுச் செயினை ஏற்றிய பிறகு, மேல் ரோலருக்கும் முன்சில்லுக்கும் குறுக்கே ஒரு பலகையை வைத்து, பலகைக்கும் தொங்குகிற செயினுக்கும் இடையே விரல் விட்டுப் பார்ப்பார். எங்கள் மெசினுக்கு மூன்று விரல்.

இந்த அளவை அவர் எப்போதும் மெசினைக் கழுவுவதற்கு முன்பே பார்த்தார். மலையில் வேலை முடிந்து சேறும் சகதியுமாக வந்து நின்றதும் பலகையைத் தூக்கிக்கொண்டு அளக்கப் போய்விடுவார். நான் அதைப் பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தேன். அவசரக்கார மனுசன், வீட்டுக்குப் போகப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

நானா ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம் செயின் மாற்றும் வேலை வந்தபோது அவர் மகளுடைய கல்யாணத்துக்கு லீவில் இருந்தார். நான் தனியாகச் செய்த முதல் செயின் அது. மூன்று நாள் எடுத்தது. பல்சக்கரம், இரண்டு ரோலர், இரண்டு பக்கச் செயின் எல்லாம் மாற்றி, மலைக்கு அனுப்பி ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, சேற்றோடு திரும்பி வந்ததும் மூன்று விரலுக்கு அளந்து வைத்தோம். எல்லாம் சரி. எனக்குத் தலை கால் புரியவில்லை.

மறுநாள் ஆயுத பூசை. எங்கள் கராஜில் ஆயுத பூசை என்றால் சும்மா இல்லை. லொறி, டிராக்டர், டோசர், கடைசியில் வெல்டிங் பிளான்ட் வரை தேய்த்துக் கழுவுவோம். டோசர் ஓட்டுகிற குணதாசதான் எல்லோரையும்விட முன்னுக்கு நிற்பார். சிங்களவர், விகாரைக்கும் போவார், எங்கள் கோவிலுக்கும் வருவார். செயினின் இடுக்குகளில் இருந்த மண்ணைக் குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தவர் அவர்தான். கழுவி முடித்தபோது மெசின் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. ஆனால் மண் போனதும் செயின் முன்பைவிடத் தொங்கியது. நாலரை விரல் இருந்தது. பூசைக்குத் தோட்டத்து மனேஜர், எங்கள் பெரிய துரை, வருவார். நான் போட்ட புதுச் செயின் அவர் கண் முன்னால் கொடித்துணி மாதிரித் தொங்குவதா? கிரீஸ் கன்னை எடுத்து ஏற்றினேன். மூன்று விரலுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று இரண்டு விரலுக்குக் கொண்டுவந்தேன். சந்தனம் வைத்தோம், மாலை போட்டோம், எலுமிச்சம்பழம் வைத்தோம். துரை வந்து "செல்வராஜ், குட் ஜொப்" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலையிலிருந்து மழை. விடியும்போது மேல் டிவிசனுக்குப் போகும் ஒரே பாதையில் மண் சரிந்து விழுந்திருந்தது. அங்கே லயன் வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள் வெளியே வரமுடியவில்லை. குணதாச ஆறு மணிக்கே டோசரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மணியளவில் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நாங்கள் இருவரும் சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசுவோம். இங்கே தமிழில் எழுதுகிறேன். கைவேலைக்காரர்களைச் சிங்களவர் மரியாதையாக 'பாஸுன்னஹே' என்பார்கள். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"பாஸுன்னஹே, செயின் ரொம்ப டைட் மாதிரி இருக்கு. திரும்புறப்ப கத்துது."

"புதுச் செயின் அப்பிடித்தான் குணதாச. ஓட ஓட சரியாயிடும்."

"அப்ப ஓட்டவா?"

"ஓட்டுங்க, ஓட்டுங்க."

"சரி பாஸுன்னஹே."

பதினொரு மணிக்கு இடதுபக்கச் செயின் அறுந்தது. ஒரு பக்கச் செயின் போனால் மற்றப் பக்கம் மட்டும் இழுக்கும், மெசின் செயின் இல்லாத பக்கமாகத் திரும்பும். அந்த இடத்தில் இடது பக்கம் பள்ளம். குணதாச வலது பக்கம் குதித்தார். மெசின் பத்து பன்னிரண்டு அடி சறுக்கிக் கீழே இருந்த இரண்டு இரப்பர் மரங்களில் முட்டி நின்றது. குதித்தவரின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. இன்னும் நாலு அடி சறுக்கியிருந்தால் மரமும் இல்லை, கீழே ஆறுதான். நான் போய்ச் சேர்ந்தபோது அவரைச் சாக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

குணதாச மேல் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. வேறொரு மலையில் வாய்க்காலை உடைத்த விவகாரம். இன்னொரு பிழை என்றால் வேலை போகும் என்று அதில் எழுதியிருந்தார்கள். மண் சுமையோடு சரிவில் திரும்பியதால்தான் செயின் போனது, இது ஓட்டியவர் பிழை என்று வெளிக்கள உத்தியோகத்தர் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை விசாரணை என்றார்கள்.

நானா லீவை முடித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை நேரே அந்த இடத்துக்கு வந்தார். கல்யாணச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. கழுவாதீங்க, ஒருத்தரும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டு தேயிலை வெட்டும் ஒரு கவ்வாத்துக் கத்தியை வாங்கி, பல்சக்கரத்தின் பற்களுக்கு நடுவே அடைந்திருந்த களிமண்ணை மெதுவாகக் கீறி எடுத்தார். அது கட்டி கட்டியாக, அச்சில் வார்த்த மாதிரி வந்தது. ஒவ்வொரு கட்டியிலும் புஷ்ஷின் தடம் வழுவழுவென்று பதிந்திருந்தது. கட்டிகளை ஒரு சாக்கின் மேல் வரிசையாக அடுக்கினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஈரக் களிமண் பல்லுக்கு நடுவே இறுகினால் சக்கரமே பெரிதாகிவிட்ட மாதிரி. செயின் அதன் மேல் ஏறி ஓடவேண்டும். அதற்குத்தான் அந்தத் தொய்வு. நான் அதைக் கழுவிய மெசினில் அளந்து, அழகுக்காக வேறு இறுக்கி, ஏறுவதற்கு இடமே இல்லாமல் செய்துவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"கழுவ முந்தி அளந்தீங்களா, கழுவின பொறகு அளந்தீங்களா?"

"ரெண்டு தரமும் அளந்தேன் நானா. கழுவின பொறகுதான் ஏத்தினேன்."

"எத்தன விரல்?"

"ரெண்டு."

வெகுநேரம் நின்றார். நான் இந்தத் தடவை பிழையைத் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை.

"குணதாச போன் எடுத்தாரு நானா. டைட்டா இருக்குன்னு. நான்தான் ஓட்டச் சொன்னேன்."

அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்தார். "விசாரணைல மெசினப் பத்திக் கேட்டா நான் சொல்லுவன். இந்த மண்ணும் கொண்டு போவன். போன் கதய நான் சொல்ல மாட்டன். அது என்ட கத இல்ல."

மறுநாள் முழுக்க இருவரும் மெசினை மேலே இழுத்து எடுத்து, உடைந்த கண்ணியைக் கழற்றி வேறு போட்டோம். செயினை ஏற்றிய பிறகு நானா வேறொரு வேலை செய்தார். கீழே குந்தி, அந்தப் பாதைச் சேற்றையே அள்ளிப் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் கையால் அப்பினார். நானும் அப்பினேன். முன்னும் பின்னும் ஓட்டி அது இறுகிய பிறகுதான் பலகையைக் கேட்டார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய இடத்திலேயே திரும்பச் சேறு அப்பிக்கொண்டிருந்தபோது எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

வியாழக்கிழமை துரையின் ஒப்பிஸில் நாலு பேர். துரை, நானா, நான், ஊன்றுகோலோடு குணதாச. கால் மாவுக்கட்டோடு கதிரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நானா ஒரு கண்ணாடித்தாள் பைக்குள் இருந்து இரண்டு மண்கட்டிகளை எடுத்து மேசையில் வைத்து, இரண்டு நிமிஷத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தார். துரை வயதில் இளையவர், மரியாதையான மனிதர். அவர் குணதாசவிடம் சிங்களத்தில் கேட்டார்.

"இவ்வளவு டைட்டா இருந்தா ஓட்டுறவருக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சிருந்தா நீங்க நிப்பாட்டி அறிவிச்சிருக்கணும். அறிவிச்சீங்களா?"

குணதாசவின் வேலை அந்த ஒரு கேள்வியில் இருந்தது. ஆம் என்றால் அவர் தப்பினார், நான் மாட்டினேன். அடுத்த வருஷம் நானா ஓய்வு பெற்றால் போர்மன் வேலை எனக்கு என்று பேச்சு இருந்தது, அது குணதாசவுக்கும் தெரியும்.

குணதாச என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு, "இல்ல சேர். தெரியல்ல" என்றார்.

துரை எழுதத் தொடங்கினார். அவர் ஒன்றரை வரி எழுதும்வரை நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒன்றரை வரியை நான் மறைக்கப் போவதில்லை. இப்படியே விட்டால் என்ன, இவரே சொல்லிவிட்டாரே என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றுதான் எழுதவேண்டும். நானா மேசையிலிருந்த மண்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தேன். துரையிடம் நான் வழக்கமாகத் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவேன். அன்றைக்கு, குணதாசவுக்கும் ஒரு சொல் விடாமல் விளங்கட்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். "சேர், அவர் ஒன்பது மணிக்கு எனக்கு போன் எடுத்தாரு. டைட்டுன்னு சொன்னாரு. நான்தான் ஓட்டச் சொன்னேன்."

துரை பேனாவை வைத்தார்.

முடிவு இப்படி வந்தது. குணதாசவின் வேலை நிலைத்தது. ஆனால் விசாரணையில் பொய் சொன்னதற்கு ஒரு கடிதம் கிடைத்தது. எனக்கும் ஒரு கடிதம். அடுத்த வருஷம் நானா ஓய்வு பெற்றபோது போர்மனாக வெளியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர். அவருக்குக் கீழே ஓய்வு பெறும்வரை பிட்டராகவே இருந்தேன். கவலையாக இருந்ததா என்று கேட்டால், ஆம், இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் குணதாச என்னோடு கோபித்துக்கொண்டார். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவன் நான் என்று மனதுக்குள் ஒரு எண்ணம் எனக்கு. அவரோ துரை முன்னால் தன்னைப் பொய்யனாக்கிவிட்டவன் நான் என்று இருந்தார். கால் குணமாகி வேலைக்கு வந்த பிறகும் கிட்டத்தட்ட இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. டீசல் வேண்டும் என்றால்கூட வேறு ஆளை அனுப்பிக் கேட்பார்.

ஒரு நாள் மலையில் டோசருக்கு கிரீஸ் அடிக்கப் போனேன். மழை விட்டிருந்தது. அவர் சீட்டில் இருந்தார், நான் கீழே. தலையை நிமிர்த்தாமலே கேட்டேன்.

"குணதாச, ஏன் அன்னைக்கி இல்லன்னு சொன்னீங்க? எனக்காகவா?"

"உங்களுக்காக இல்ல." சீட்டிலிருந்து குனிந்து சொன்னார். "செயின் டைட்னு எனக்குத் தெரியும் பாஸுன்னஹே. இத்தன வருஷம் ஓட்டுறேன், தெரியாதா? போன் எடுத்தேன்னு சொன்னா அவர் அடுத்ததா என்ன கேப்பாரு? தெரிஞ்சும் ஏன் ஓட்டினன்னு கேப்பாரு. நீங்க ஓட்டுன்னு சொன்னீங்க, நான் ஓட்டினேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதப் போயி ஒரு ஒப்பிஸ்ல எப்பிடிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிரீஸ் கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பானது. அதைச் சமாளிக்கத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன், வேறு யோசனை ஒன்றும் இருக்கவில்லை.

"இனிமேலும் நான் சொன்னா ஓட்டுவீங்களா?"

அவர் யோசித்தார். என்னை நோகடிக்க யோசிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

"இல்ல பாஸுன்னஹே" என்றார்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போனோம், என் மகன் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர் அவர். ஆனால் ஒவ்வொரு காலையும் நான் "சரி, எடுங்க" என்று சொன்ன பிறகு குணதாச சீட்டிலிருந்து இறங்கி, அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு சுற்றி வந்து, தானே பலகையை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் மெசினை எடுத்தார்.